கிழித்துப் பார்க்கலாமா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வத்தக்குழம்பும் அப்பளமும் முடித்துவிட்டு லேசாகக் கண் அசரும் நேரம். செல்போனில் ஒரு போட்டோ வந்து விழுந்தது. அனுப்பியவள் என் அக்கா மகள். இங்கிலாந்தில் நாட்டிங்காமில் மேல்படிப்பு படிக்கிறாள். வாரக் கடைசியில் யாரோ சில நண்பர்களோடு சேர்ந்து வேலியோரப் புதர்களில் நத்தை கணக்கெடுப்பாளாம். பெற்றவர்கள் கடன் வாங்கி அனுப்பி வைத்தது இதற்கா என்று கேட்காதீர்கள். நான் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

போட்டோவில் ஐந்து நத்தைகள். ஒன்று வெறும் மஞ்சள். இரண்டு, மஞ்சளில் பழுப்புக் கோடு போட்டவை. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. இன்னொன்று ரோஸ். கடைசி, காப்பிப்பொடி நிறம். கீழே ஒரு கேள்வி.

"மாமா, நல்லா பாத்துச் சொல்லுங்க. இதுல மொத்தம் எத்தனை வகை இருக்கு?"

இதென்ன பிரமாதம்! "மூணு. மஞ்சள் ஒண்ணு, ரோஸ் ஒண்ணு, பழுப்பு ஒண்ணு" என்று பதில் போட்டேன்.

உடனே போனே வந்துவிட்டது. மறுமுனையில் சிரிப்பு.

"தப்பு மாமா. ரெண்டே வகைதான். நீங்க ஒண்ணுன்னு சொன்ன அந்தக் கோடு போட்ட ரெண்டும் வேற வேற. அதுல ஒண்ணும் அந்தக் காப்பிப்பொடி கலரும் ஒரே வகை."

"எப்படி?"

"உதட்டைப் பாருங்க."

நத்தைக்கு உதடு என்று நான் கேள்விப்பட்டது அன்றைக்குத்தான். நத்தைக்கூட்டின் வாய் இருக்கிறது அல்லவா, உடம்பு வெளியே வருகிற இடம், அதன் விளிம்பைத்தான் உதடு என்கிறார்கள். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காப்பிப்பொடிக்காரருக்குக் கரும்பழுப்பு உதடு. கோடு போட்டவர்களில் ஒருவருக்கும் அப்படியே. மற்றவருக்கோ பளிச்சென்று வெள்ளை உதடு. நான் பார்த்த நிறம், கோடு எதுவும் கணக்கில் இல்லை. நான் பார்க்கவே பார்க்காத, கூட்டின் விளிம்பில் ஒரு மில்லிமீட்டர் இடத்தில் விஷயம் இருந்தது.

பழுப்பு உதட்டு நத்தை செபேயா நெமொராலிஸ்; நெமொராலிஸ் என்று பெயர் வைத்தவர் லின்னேயஸ், 1758-ல். வெள்ளை உதட்டுக்காரர் செபேயா ஹார்டென்சிஸ்; ஹார்டென்சிஸ் என்று மியுல்லர் பெயர் வைத்தது 1774-ல். முதல் பெயருக்குத் தோப்பில் இருப்பது என்று அர்த்தம். இரண்டாவது பெயருக்குத் தோட்டத்தில் இருப்பது என்று அர்த்தம். நத்தைகள் லத்தீன் படித்ததில்லை. தோப்புக்காரர் தோட்டத்திலும் இருப்பார், தோட்டத்துக்காரர் தோப்பிலும் இருப்பார். பல இடங்களில் இரண்டும் ஒரே புதரில் குடித்தனம்.

நிறத்தை நம்ப முடியாது என்பதற்குக் காரணம், மஞ்சள், ரோஸ், பழுப்பு எல்லாமே இரண்டு வகையிலும் உண்டு. கோடும் அப்படியே. கோடே இல்லாமல் இருக்கலாம். ஒன்று இருக்கலாம். ஐந்து வரைக்கும் போகலாம். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒன்று மஞ்சளாகவும் ஒன்று ரோஸாகவும் பிறக்கலாம்.

இந்த நிறங்களெல்லாம் அர்த்தமில்லாத அலங்காரம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆக்ஸ்போர்டில் ஆர்தர் கெய்ன், பிலிப் ஷெப்பர்ட் என்று இரண்டு பேர் 1950-களில் வேறு மாதிரி நிரூபித்தார்கள். த்ரஷ் என்கிற பறவை நத்தையைத் தூக்கி வந்து, தனக்குப் பழக்கமான ஒரு கல்லில் மடார் மடாரென்று அடித்து உடைத்துத் தின்னும். அந்தக் கல்லைச் சுற்றிக் கூடுகள் சிதறிக் கிடக்கும். அவற்றையும் உயிரோடு இருக்கிற நத்தைகளையும் எண்ணி ஒப்பிட்டார்கள். பச்சைப் புல்வெளியில் மஞ்சள் கூடுகள் பறவையின் கண்ணுக்குத் தப்பின. காய்ந்த சருகு மூடிய காட்டுத் தரையில் பழுப்பும் ரோஸும் தப்பின. ஆக, நிறம் சொல்வது அந்த நத்தை எங்கே பிழைக்கிறது என்பதை. அது யார் என்பதை அல்ல.

இங்கே ஒரு நிமிஷம் புத்தகத்தை மூடிவிட்டு நம் தெருவைப் பார்க்கலாம். ஒருவர் கட்டியிருக்கிற வேட்டி, பேசுகிற இங்கிலீஷ், ஓட்டுகிற வண்டி... இதையெல்லாம் வைத்து 'இவர் இன்ன ரகம்' என்று நாம் முடிவு கட்டுவது எத்தனை செகண்டில்? அதெல்லாம் பெரும்பாலும் அவர் எங்கே பிழைக்கிறார் என்பதைச் சொல்லும். அவ்வளவுதான்.

சரி, உதடு பார்க்கக் கற்றுக்கொண்டாயிற்று, கதை முடிந்தது என்று நினைத்தேன். அக்கா மகள் விடவில்லை.

"மாமா, ஆறாவதா ஒண்ணு இருக்கு. அதுதான் பிரச்னை."

இன்னொரு போட்டோ. மஞ்சள். ஐந்து கோடு. வெள்ளை உதடு.

"இதுல என்ன பிரச்னை? வெள்ளை உதடு. ரெண்டாவது வகை."

"ஆளு ரொம்பப் பெரிசா இருக்கு. பழுப்பு உதட்டு வகைதான் பொதுவா ரெண்டு சென்டிமீட்டரைத் தாண்டும். வெள்ளை உதடு கொஞ்சம் சின்னது. இது சைஸுல அவங்க மாதிரி, உதட்டுல இவங்க மாதிரி இருக்கு."

விஷயம் என்னவென்றால், பழுப்பு உதட்டு வகையிலேயே சில நத்தைகளுக்கு வெள்ளை உதடு வருவதுண்டு. அயர்லாந்துப் பக்கம் இது சகஜம். அபூர்வமாக மறுபக்கத்திலும் நிறம் மாறும். வயசுக்கு வராத குட்டி நத்தைகளுக்கோ இந்தச் சோதனையே செல்லாது. வளர்ச்சி முடிந்த பிறகுதான் உதடே தடிக்கும், நிறம் ஏறும். சைஸை வைத்தும் சத்தியம் பண்ண முடியாது. அந்த வகையில் பெரியது இந்த வகையில் சிறியதைவிடப் பெரியதாகவே இருக்கும்.

"அப்ப எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?"

"அறுத்துப் பாக்கணும் மாமா."

நத்தையின் உடம்புக்குள்ளே சுண்ணாம்பால் ஆன ஒரு சின்ன அம்பு இருக்கிறது. மன்மதன் அம்பு என்று வைத்துக்கொள்ளுங்களேன். கலவிக்கு முன்னால் ஒன்றையொன்று அந்த அம்பால் குத்திக்கொள்ளும். அம்பின் நீளத்தில் நாலு தகடு. பழுப்பு உதட்டு வகையில் தகட்டின் ஓரம் சாதாரணமாக இருக்கும். வெள்ளை உதட்டு வகையில் ஓரம் இரண்டாகப் பிளந்திருக்கும். உதடு பொய் சொன்னாலும் அம்பு பொய் சொல்லாது. ஆனால் அதைப் பார்க்க நத்தையைக் கொன்று திறக்க வேண்டும்.

"நீ பாத்தியா?"

"இல்ல."

"பின்ன ஃபாரத்துல என்ன எழுதின?"

"'செபேயா'ன்னு மட்டும் எழுதிட்டு, எடுத்த புதர்லயே விட்டுட்டேன். ரெண்டுல ஏதோ ஒண்ணு. எதுன்னு எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு எழுதறது தப்பில்லையே மாமா?"

போனை வைத்த பிறகு தூக்கம் வரவில்லை. அவள் செய்தது சோம்பேறித்தனமா, தர்மமா? உண்மையைத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. அந்த வழி ஒரு உயிரைக் கிழிக்கிறது. அப்போது தெரியாமலேயே இருப்பதுதான் சரியா?

நான் விலங்கியல் படித்தவன் இல்லை. பி.காம். அதனால் எனக்கு ஞாபகம் வந்தது ஆடிட்டிங் வகுப்பு.

ஆடிட்டிங் படித்த எல்லோருக்கும் ஒரு வழக்கு மறக்காது. 1896-ல் இங்கிலாந்தில் நடந்த கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு. மில் மேனேஜர் வருஷக்கணக்காகச் சரக்குக் கையிருப்பைக் கூட்டிக் காட்டியிருந்தார். ஆடிட்டர்கள் அவர் கொடுத்த சர்ட்டிபிகேட்டை நம்பிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஆடிட்டர்கள் மேல் தப்பில்லை என்று தீர்ப்பு. நீதிபதி லோப்ஸ் சொன்ன உவமை உலகப் பிரசித்தம். ஆடிட்டர் என்பவர் காவல் நாய், மோப்பம் பிடித்து விரட்டுகிற வேட்டை நாய் அல்ல. சந்தேகம் வர முகாந்திரம் இருந்தால் ஒழிய, எல்லோரையும் திருடன் என்று நினைத்து வேலையை ஆரம்பிக்க வேண்டியதில்லை.

எங்கள் பேராசிரியர் இதை நாய் மாதிரி குரைத்துக் காட்டியே நடத்துவார். வகுப்பே சிரிக்கும். நானும் சிரித்தேன். பரீட்சையில் எட்டு மார்க் கேள்வி, முழு மார்க் வாங்கினேன். ஆனால் புரியவில்லை. புரிந்தது 2002-ல்.

டிகிரி முடித்து ஒரு ஆடிட்டரிடம் உதவியாளனாகச் சேர்ந்திருந்தேன். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு ஜவுளிக்கடை. கணக்கு பார்க்க என்னை அனுப்பினார்கள். கேஷியருக்கு அறுபது வயசுக்கு மேல் இருக்கும். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, காதில் செருகிய பேனா. "வாங்க தம்பி, காபி சாப்பிட்டீங்களா தம்பி" என்று வாய்க்கு வாய் தம்பிதான்.

மூன்றாம் நாள் கல்லாவை எண்ணினேன். ரொக்கப் புத்தகத்தில் இருக்க வேண்டியதைவிட 270 ரூபாய் குறைந்தது. மறுபடி எண்ணினேன். அதே 270.

அவர் திகைத்துப் போனார். "இருக்காதே தம்பி... எங்கியோ எழுத்துப் பிழையா இருக்கும். ராத்திரி உக்காந்து பாத்துடறேனே" என்றார்.

எனக்கு வயசு இருபத்திரண்டு. நான் கண்டுபிடித்த முதல் குறைச்சல் அது. ரத்தம் சூடாக இருந்தது. கவுன்ட்டருக்குப் பின்னால் ஆணியில் அவருடைய மஞ்சள் பை தொங்கியது. "ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பையை ஒரு தடவை பாத்துட்டா உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. சந்தேகமே இருக்காது பாருங்க" என்றேன்.

'உங்களுக்கும் நல்லது'. இதைவிடப் பெரிய பொய்யை நான் இதுவரை சொன்னதில்லை.

முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். சேல்ஸ்மேன்கள் துணியை மடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பெரியவர் ஒன்றும் பேசவில்லை. பையை எடுத்து வந்து மேஜையில் ஒவ்வொன்றாக வைத்தார். கழுவின டிபன் டப்பா. ஒரு துண்டு. மருந்துச் சீட்டு. அடகுக் கடை ரசீது ஒன்று, நாலாக மடித்தது. ரசீதை மட்டும் மேஜையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். பணம் இல்லை.

அன்று சாயந்திரம் வவுச்சர்களை வரிசையாகப் பார்த்தபோது விடை கிடைத்தது. லாரி வாடகை 630 ரூபாய் கொடுத்திருந்தார்கள். புத்தகத்தில் 360 என்று ஏறியிருந்தது. 6-ம் 3-ம் இடம் மாறிவிட்டன. வித்தியாசம் சரியாக 270.

வேடிக்கை என்னவென்றால், கணக்குப் படித்தவனுக்கு இது முதல் வகுப்புப் பாடம். விட்டுப்போன தொகை 9-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால், இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 270-ஐ 9-ஆல் வகுத்தால் 30. அந்த எண்ணே என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. உதட்டைப் பார்க்காத நான், நேராகக் கத்தியை எடுத்துவிட்டேன்.

மன்னிப்புக் கேட்டேன். "அதனால என்ன, உங்க வேலையை நீங்க பாத்தீங்க" என்றார். மறுநாள் காபி வந்தது. "எடுத்துக்குங்க சார்" என்றார். அதற்கப்புறம் நான் அந்தக் கடைக்குப் போன மூன்று வருஷமும் சார்தான். தம்பி என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து திரும்ப வரவே இல்லை.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி நாம் திறந்து பார்க்கிற பலவும் திரும்ப மூடாது. மனைவியின் செல்போன். மகளின் டயரி. வீட்டு வேலை செய்கிற அம்மாவின் முந்தானை முடிச்சு. உள்ளே ஒன்றுமில்லை என்றுதான் பெரும்பாலும் தெரியவரும். ஆனால் 'ஒன்றுமில்லை' என்று தெரிந்துகொண்ட அந்த நொடியில், அதுவரை இருந்த ஒன்று போய்விடும். நத்தையை அறுத்தவனுக்கு அது எந்த வகை என்ற நிச்சயம் கிடைக்கிறது. நத்தை கிடைப்பதில்லை.

இத்தோடு முடித்திருந்தால் நல்ல நீதிக்கதை. நீங்களும் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கம் போயிருப்பீர்கள். ஆனால் மனசாட்சி உள்ள வாசகர் யாராவது ஒருத்தர் கேட்பார். 'அப்படியானால் யாரையும் எதையும் ஆராயவே கூடாதா? நம்பிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போகலாமா?'

நியாயமான கேள்வி. 2009 ஜனவரியில் சத்யம் கம்பெனி கதை வெளியே வந்தது ஞாபகம் இருக்கும். கணக்கில் இருந்த 5,000 கோடி ரூபாய்க்கு மேல் பாங்க்கில் இல்லவே இல்லை. காவல் நாய் அசந்து தூங்கினால், தெருவில் நிற்பது அந்த வீட்டை நம்பிப் பணம் போட்டவன்.

நத்தை உலகத்திலும் இப்படி ஒரு கதை இருக்கிறது. நடந்தது பசிபிக் கடலில், டஹிட்டியிலும் பக்கத்துத் தீவான மூரியாவிலும்.

அந்தத் தீவுகளில் பார்ட்டுலா என்று குட்டி நத்தைகள். விரல் நகம் அளவுதான் இருக்கும். ஒரு பள்ளத்தாக்கில் ஒரு மாதிரி, அடுத்த பள்ளத்தாக்கில் இன்னொரு மாதிரி. ஹென்றி கிராம்ப்டன் என்ற அமெரிக்கர் 1906-ல் அங்கே போனவர், பல வருஷம் அந்தக் கூடுகளை அளந்து, எண்ணி, வகை பிரித்துத் தடிமனான புத்தகங்கள் எழுதினார். தீவுக்காரர்கள் அந்தக் கூடுகளைக் கோத்து மாலை கட்டுவார்கள்.

1967-ல் ஆப்பிரிக்க ராட்சச நத்தை டஹிட்டிக்கு வந்தது. தோட்டம் துரவெல்லாம் காலி. அதை ஒழிக்க 1974-ல் ஃப்ளோரிடாவைச் சேர்ந்த இன்னொரு நத்தையைக் கொண்டுவந்து விட்டார்கள். அது மற்ற நத்தைகளை வேட்டையாடித் தின்கிற ஓநாய் நத்தை. இரை போன வழவழப்பான தடத்தை மோந்துகொண்டே பின்னால் போய்ப் பிடிக்கும். 1977-ல் மூரியாவிலும் விட்டார்கள். இதே ஓநாய் நத்தையை 1955-லேயே ஹவாயில் விட்டு, அங்கே மரநத்தைகள் அடிவாங்கியிருந்தன. விவரம் தெரிந்தவர்கள் எச்சரித்தும் பார்த்தார்கள்.

யார் கேட்டார்கள்? 'நத்தையை ஒழிக்க நத்தை' என்றுதான் அவர்கள் யோசனை போயிற்று. எந்த நத்தையை, எந்த நத்தை என்று பார்க்கவில்லை. பார்ட்டுலா மெதுவாகப் பெருகும். முட்டைகூட இடாது, ஒவ்வொன்றாகக் குட்டி போடும். ஓநாய் நத்தைக்குச் சுளுவான தீனி. பத்தே வருஷம். 1987-ல் மூரியாவின் ஏழு வகை பார்ட்டுலாவில் ஒன்றுகூடக் காட்டில் மிச்சமில்லை என்றே நினைத்தார்கள். ராட்சச நத்தை மட்டும் ஒழியவில்லை.

முற்றிலும் அழிவதற்குள் சில உயிர்களை எடுத்துக்கொண்டு போய்ப் பரிசோதனைக் கூடங்களிலும் மிருகக்காட்சி சாலைகளிலும் வளர்த்த விஞ்ஞானிகளில் ஒருவர் பிரையன் கிளார்க். நாட்டிங்காம் பல்கலைக்கழகத்துக்காரர். என் அக்கா மகள் எண்ணுகிறாளே, அதே உதட்டு நத்தைகளை ஆராய்ந்து பெயர் வாங்கியவர். சின்ன வித்தியாசத்தைப் பார்த்துப் பழகிய கண்தான், 'இது வேறு, அது வேறு, இதைக் காப்பாற்று' என்று சொல்லியிருக்கிறது. அப்படி வளர்த்தவற்றின் வாரிசுகளை 2015-லிருந்து திரும்பத் தீவுகளில் விடுகிறார்கள். 2024-ல் மூரியாவில் ஒரு நல்ல செய்தி. விட்டவர்கள் குறி வைக்காத, அதாவது காட்டிலேயே பிறந்து வளர்ந்த பார்ட்டுலாக்கள் சிலவற்றைக் கண்டுபிடித்தார்கள்.

இப்போது இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அக்கா மகள், 'எதுவென்று தெரியாது' என்றாள். டஹிட்டி அதிகாரிகளும் ஒரு விதத்தில், 'எதுவாக இருந்தால் என்ன' என்றார்கள். கேட்பதற்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறது. உதட்டைப் பாருங்கள்!

அவள் பார்க்க முடிந்த அத்தனையையும் பார்த்தாள். நிறம், கோடு, உதடு, சைஸ். அதற்குப் பிறகுதான் 'தெரியாது' என்றாள். அந்தத் தெரியாமையின் விலை என்ன? ஒரு ஃபாரத்தில் ஒரு கட்டம் காலி. அவ்வளவே. அவர்கள் எதையும் பார்க்கவே இல்லை. விலையைக் கொடுத்தது அவர்கள் அல்ல, பார்ட்டுலா. என்னையும் இந்தப் பக்கத்தில்தான் நிறுத்த வேண்டும். நானும் பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை. என் அவசரத்துக்கு விலை கொடுத்ததும் நான் இல்லை.

ஆக, 'கிழித்துப் பார்க்கலாமா, கூடாதா' என்ற கேள்விக்குப் பொதுவாக ஒரு பதில் கிடையாது என்று நினைக்கிறேன். அதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்க்கக்கூடியதை எல்லாம் பார்த்தாகிவிட்டதா? தெரியாமலே விட்டால் யாருக்கு அடி விழும்? முதல் கேள்விக்கு 'ஆமாம்' என்று சொல்ல முடிந்து, இரண்டாவதற்கு ஒரு நிஜமான ஆளைக் காட்ட முடிந்தால், திறக்கத்தான் வேண்டும். ஒரு குழந்தை பயத்தில் பேச மறுக்கிறது என்றால் அதன் பள்ளிப் பையைத் திறக்கத்தான் வேண்டும். வெறும் நம் மனசு ஆற வேண்டும் என்பதற்காக என்றால், கையை எடுத்துக்கொள்வது நல்லது. என் மேஜையில் 270 ரூபாய். ஒரு ராத்திரி பொறுத்திருந்தால் யாருக்கும் அடி விழுந்திருக்காது.

பொறுத்தால் இன்னொரு லாபமும் உண்டு. இப்போதெல்லாம் நத்தையின் பிசினைப் பஞ்சில் லேசாக ஒற்றி எடுத்தே டி.என்.ஏ. பார்த்து வகை சொல்ல முடிகிறது. நத்தை தன் பாட்டுக்கு ஊர்ந்து போய்விடும். இன்றைக்குக் கிழித்தால்தான் தெரியும் என்கிற விஷயம், நாளைக்குத் தொட்டாலே தெரியலாம். கெய்ன், ஷெப்பர்ட் கதையையும் மறக்க வேண்டாம். அவர்கள் எண்ணியதில் ஒரு பகுதி, பறவை தின்று போட்ட கூடுகள்.

போன வாரம் இங்கே நல்ல மழை. காலையில் மதில் சுவரில் நத்தைகள். அம்மா ஒரு கையில் உப்பு டப்பாவோடு நின்றாள்.

"இருடா, இந்தச் சனியனுங்க முருங்கைக் கன்னை மொட்டை அடிச்சிடுச்சு."

"இரும்மா, ஒரு நிமிஷம்."

டஹிட்டியைக் கெடுத்த அதே ஆப்பிரிக்க ராட்சசன்தான் நம் ஊர்ச் சுவரிலும் ஏறுகிறான். 1847-ல் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்கு அவனைக் கொண்டுவந்தவர் பென்சன் என்ற கம்பெனி அதிகாரி. நத்தைக்கூடு ஆராய்ச்சியில் அவரே பெரிய கை. வகை தெரிந்தவர் செய்த வேலை அது! தெரிந்திருப்பது மட்டும் போதாது போலிருக்கிறது.

குனிந்து பார்த்தேன். ஒன்று நீளமாக, கூம்பு மாதிரி. கூட்டில் மேலிருந்து கீழாகக் கருஞ்சிவப்புத் தீற்றல். அடியில், நடுத்தூண் முடிகிற இடம் கத்தியால் வெட்டிவிட்ட மாதிரி மொட்டையாக இருந்தது. இது ராட்சசனின் அடையாளம், குட்டியாக இருந்தாலும் இருக்கும். பக்கத்தில் இன்னொன்று. தட்டையாக, உருண்டையாக, கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிதாக. மெலிதான பட்டை ஓடியது. அது இந்த மண்ணின் ஆள்.

"அது வேற, இது வேற அம்மா."

"எல்லாம் நத்தைதானே?"

"இல்லம்மா."

தட்டை நத்தையை இரண்டு விரலால் எடுத்துச் செம்பருத்திச் செடியின் அடியில் விட்டேன். கூட்டுக்குள் சுருண்டுகொண்டது. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். மெதுவாக ஒரு கொம்பு வெளியே வந்தது. பிறகு இன்னொன்று. அந்தப் பெரியவர் ஞாபகம் வந்தது. ரசீதைக் கைக்குள் மூடிக்கொண்டு நின்றவர், அதன் பிறகு எனக்கு முன்னால் வெளியே வரவே இல்லை.